கட்டிலுக்கு அடியில் ஆயிரம் பிரதிகள்

சொந்தச் செலவில் சிறுவர் நூல் போட நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதிக்கான செலவு நன்றாகக் குறையும் என்கிறார் அச்சகத்துக்காரர். அடித்துவிடலாமா? (மஞ்சக்குப்பம் வாசகி)

அவர் கணக்கு சரி. ஆஃப்செட்டில், அதாவது பக்கங்களைப் பிளேட்டில் ஏற்றி அடிக்கும் முறையில், நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். ஆனால் விற்காத பிரதிகள் அவர் கணக்கில் வராது. என் முதல் புத்தகத்தை நானும் ஆயிரம்தான் அடித்தேன். அறுநூறுக்கு மேல் கட்டிலுக்கு அடியில் தூங்கின. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது வீட்டுக்குள் தண்ணீர். ஆர்ட் பேப்பர் நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். என் புத்தகங்கள் செங்கல் செங்கலாக வெளியே வந்தன. புயலே வராவிட்டாலும் நம் கடலூர், புதுச்சேரிக் கடற்காற்று புத்தகத்தின் பின்னைத் துருவேற்றிவிடும்.

பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 100 அடியுங்கள், போதும். அதற்கும் முன்னால், ஒரு ஜெராக்ஸ் பிரதியை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்களோ, அந்தப் பக்கம் வேண்டாம். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் 16, 20, 24 என்று நாலின் மடங்கில் வர வேண்டும். 18 பக்கத்துக்குப் படம் வரைய வைத்துவிட்டு விழித்தவர்கள் உண்டு.

விலை வைக்கும்போது கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் கழிவை (கமிஷனை) மறக்காதீர்கள். அச்சுச் செலவு 40 ரூபாய், விலை 120, கழிவு 40 சதவீதம் என்றால் கைக்கு வருவது 72. அச்சுச் செலவு போக மிஞ்சும் 32 ரூபாயில்தான் ஓவியர், ஆட்டோ, டீ எல்லாம்.

ஐஎஸ்பிஎன் வாங்கித் தர ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (லாஸ்பேட்டை வாசகர்)

வேண்டாம். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கான அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இன்னொருவர் தன் எண்ணைக் கொடுத்தால், பதிப்பாளர் என்று பதிவாவது அவர் பெயர். மின்னூலுக்குத் தனி எண் வேண்டும். மாற்றம் இல்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். அப்புறம், பதிப்பாளர் நீங்கள் என்பதால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் நாலு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா அதில் ஒன்று.

ஓவியருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. படங்கள் இனி என்னுடையவைதானே? (நெல்லிக்குப்பம் வாசகர்)

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள். எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். மொழிபெயர்ப்பு, மின்னூல், காலண்டர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஓவியர் பெயரை அட்டையிலேயே போடுங்கள், உள்பக்க மூலையில் அல்ல.

இன்ஸ்டாகிராமில் 4,000 பேர் பின்தொடர்கிறார்கள். புத்தகம் 11 பிரதிதான் போனது. என்ன தப்பு? (முதலியார்பேட்டை வாசகி)

அந்த 4,000 பேரில் எத்தனை பேர் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறது? பாதிப் பேர் உங்களைப்போலவே எழுதுகிறவர்களாக இருப்பார்கள். சிறுவர் நூலைப் படிப்பது ஒருவர், காசு கொடுப்பது இன்னொருவர். இருவரும் சேர்ந்து இருக்கும் இடத்துக்குப் போங்கள். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை இருக்கிறது, பாரதி பூங்கா இருக்கிறது. ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கதை சொல்ல நேரம் கேட்டுப் பாருங்கள். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் தனி அரங்கு கட்டுப்படியாகாது. நாலு பேர் சேர்ந்து எடுங்கள். பள்ளிக்குப் போனால் வகுப்பில் விற்காமல், கதை சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடுவதென்றால் பெற்றோரைக் கேட்டுக்கொண்டுதான்.

“அடுத்தது எப்போ வரும்?” என்று கேட்கும் அம்மாவின் வாட்ஸ்அப் எண்ணை அவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஐம்பது எண் சேர்ந்தால் இரண்டாவது புத்தகத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

கதையைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

உரையாடலில் தாராளமாக. கதை சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினான்’ என்று ஒரு வரி பார்த்தேன். துறைமுகத்துப் பிள்ளைக்கு வாசித்தால், “யார் காப்பாத்துனாங்க?” என்றுதான் கேட்கும்.