சீர்ப் பலகார வேலை முடிந்ததும் விரல்கள் வீங்குவது ஏன்?

கேள்வி: காரைக்குடி பக்கத்துக் கிராமம். வயது 47, எடை 76 கிலோ. பத்து வருடமாக சோரியாசிஸ் என்னும் தோல் நோய். இரண்டு வருடமாக மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ், அதாவது சோரியாசிஸோடு வரும் மூட்டுவாதம் என்று சொல்லி, வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். மாத்திரை போட்ட மறுநாள் குமட்டுவதால், வேலை நெருக்கும்போது இரண்டு மூன்று வாரம் போடுவதில்லை. முகூர்த்தம் முடிந்ததும் விரல் வீங்கி, குதிகால் வலித்து, படுத்துவிடுகிறேன். உள்ளூரில் ஒரு ஊசி போட்டால் உடனே கேட்கிறது. பிறகு தோலில் அதிகமாகிறது. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எதனால்தான் கூடுகிறது? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கலாமா?

பதில்: கத்தரிக்காய் மேல் பழி போட வேண்டாம். குமட்டுகிறது என்று மாத்திரையை விடுவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மெத்தோட்ரெக்சேட் வலி மாத்திரை அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்குவதை அது அடக்குகிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதேபோல, விட்டாலும் அன்றே தெரியாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டால், நோய் மெல்லத் தலைதூக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் அடுப்படியில் இரவு பகலாக நிற்கிறீர்கள்.

குமட்டலுக்கு வழி உண்டு. இரவு சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். வேலை குறைவான ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அதே கிழமையில் போடுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. மாத்திரையை வேறொரு நாளில் போடும்படி எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அப்படியும் குமட்டினால், வயிற்றுத் தோலுக்கடியில் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசிக்கு மாறலாம். நாள் தவறிவிட்டால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் அந்த வாரம் விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கமான அளவு மட்டும் போடுங்கள். சேர்த்துப் போடவே கூடாது. இந்த மாத்திரையைத் தினமும் போட்டு உயிரையே இழந்தவர்கள் உண்டு. 2.5, 7.5, 10 மி.கி. என்று பல அளவுகளில் கிடைக்கிறது. கடையில் அட்டை மாறினால் எண்ணிக்கையையும் சரிபார்த்து வாங்குங்கள்.

அடுத்தது கைக்கு ஏறும் பாரம். உங்கள் நோயில், தசைநார் எலும்போடு ஒட்டும் இடங்களில்தான் அழற்சி அதிகம். அங்கே திரும்பத் திரும்ப இழுவை விழுந்தால் வீக்கம் கிளம்பும். கீறிய இடத்தில் சோரியாசிஸ் புதிதாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடப்பதும் அதற்கு நெருக்கமானதுதான். முறுக்கு அச்சை அழுத்துவது, கைமுறுக்குச் சுற்றுவது, கனத்த வாணலியைத் தூக்குவது எல்லாம் இதில் சேரும். அச்சின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். விரல் மடக்கிப் பிடிக்கும் அழுத்தம் குறையும். மாவைக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்து, அச்சில் பாதியளவே நிரப்புங்கள். அரை மணிக்கு மேல் தொடர்ந்து பிழியாமல், பாகு பார்ப்பது, அடுக்குவது என்று வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றும் வேலையை மட்டுமாவது இன்னொருவரிடம் கொடுங்கள். கல்தரையிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் வெறுங்காலோடு நிற்காமல், வீட்டுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வேலை அலுப்பு என்றால் ஓர் இரவு படுத்து எழுந்தால் குறையும். நோய் கூடினால் காலையில் அரை மணிக்கு மேல் கை இறுகிக் கிடக்கும், நடமாடினால் இளகும், ஒரு விரல் முழுவதும் உருண்டு வீங்கும்.

உள்ளூரில் போட்டுக்கொள்ளும் அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். உடம்பில் ஏறும்போது எல்லாம் அடங்கும்; இறங்கும்போது தோல் நோய் மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்குச் சீழ்க் கொப்புளமாகவே வரும். பெயரில்லாத பொடி, சூரணங்களிலும் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. மூட்டுவாத நிபுணர் பார்த்து ஒரு மூட்டுக்குள் போடும் ஊசி வேறு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தொண்டைப் புண், தூக்கக் குறைவு, மன உளைச்சல், புகை, மது இவையும் தூண்டும். மது மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்து கல்லீரலையும் கெடுக்கும். மனநோய்க்குத் தரும் லித்தியம், படபடப்புக்குத் தரும் ப்ரோப்ரனலால், மூட்டுவலிக்கென்று தரும் குளோரோகுயின் போன்றவை சிலருக்குத் தோலைக் கிளப்பும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு தொற்று வந்தால், மருத்துவரைக் கேட்டு அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிவையுங்கள். தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் இதோடு சேரவே கூடாது.

சாப்பாட்டில் கருவாடு, கோழி எதையும் இந்த நோய்க்காக விட வேண்டியதில்லை. எடைதான் முக்கியம். 76 கிலோவில் 4 கிலோ குறைத்தாலே மருந்து நன்றாகப் பிடிக்கும். ருசி பார்க்கும் பலகாரத்திலிருந்து தொடங்கலாம். கால் பெருவிரல் ஓர் இரவில் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம் பாருங்கள், அது வேறு நோயாக இருக்கலாம்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலேயே தினமும் எழுதுங்கள்: காலையில் எத்தனை நிமிடம் இறுக்கம், எந்த விரல், மாத்திரை போட்ட நாள், காய்ச்சல், எத்தனை மணி நேரம் பிழிந்தீர்கள். வீங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கிப் பாருங்கள். முந்தின நாள் சாப்பாட்டை மட்டும் பார்த்தால் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

வீங்கிய மூட்டுக்கு, துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம். காலை இறுக்கத்துக்கு வெந்நீர். இரண்டு நாள் பாரம் வேண்டாம், ஆனால் விரலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். வலி மாத்திரையை, ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்த்த பிறகே எடுங்கள். ஒரு மூட்டு மட்டும் கொதித்துக் காய்ச்சல் வந்தால், கண் சிவந்து வெளிச்சம் கூசினால், மூச்சிரைப்பு, வறட்டு இருமல், வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று மாதம் தவறாமல் போட்டும் வீக்கம் அடங்காமல் இருந்தால், மருந்தை மாற்றும் கட்டம் வந்துவிட்டது. அழற்சியைக் கிளப்பும் குறிப்பிட்ட பொருளை மட்டும் தடுக்கும் உயிரியல் (பயாலஜிக்) ஊசி மருந்துகள் உண்டு; தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். மதுரையில் மூட்டுவாத நிபுணர்கள் இருக்கிறார்கள், காலண்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பழனி: குதிகால் வலியோடு, வெறுங்காலோடு, இந்தத் தை மாதம் வேண்டாம். வீக்கம் முழுக்க அடங்கி மூன்று மாதம் ஓடிய பிறகு, மெத்தென்ற காலணியோடு தினம் அரை மணி நடந்து பழகி, அடுத்த ஆண்டு முதலில் பக்கத்திலிருக்கும் குன்றக்குடி வரை நடந்து பாருங்கள். மறுநாள் காலை குதிகால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மேற்கொண்டு நடப்பதா, வண்டியில் போவதா என்று முடிவு செய்யலாம்.