வில்லோட பவுண்டைக் குறைச்சதும் பழைய அம்பே போதுமா?

தோள் வலியால காம்பவுண்ட் வில்லோட (கப்பி வச்ச வில்லு) இழுவிசையை 70 பவுண்டுல இருந்து 60க்கு இறக்கிட்டீங்க, நாண் இழுக்கற நீளம் 28 இன்ச், பழைய 340 ஸ்பைன் (அம்பு எவ்வளவு வளையும்ங்கற அளவு) கார்பன் அம்பை வச்சே அமெரிக்கால மான் வேட்டை சீசனுக்குப் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. போகலாம், ஆனா முதல்ல செக் பண்ணுங்க. ஸ்பைன் நம்பர் குறைய குறைய அம்பு விறைப்பு, 60 பவுண்டுக்கு பெரும்பாலான சார்ட் 400தான் சொல்லும், உங்க 340 கொஞ்சம் விறைப்பாத்தான் நிக்கும். ஃபீல்டு பாயின்ட் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) மட்டும் போட்டு அடிச்சா இது பெரும்பாலும் தெரியாது, பிராட்ஹெட்டும் (பிளேடு வச்ச வேட்டை முனை) மாட்டி 30 கஜத்துல அடிங்க, ரெண்டு முனையும் வேற வேற இடத்துல போய்க் குத்துச்சுன்னா டியூனிங் (வில்லையும் அம்பையும் ஒத்துப்போக வைக்கறது) சரியில்ல, ஸ்பைன் மேலயும் சந்தேகப்படணும்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி 100 கிரெய்ன் (அம்பு எடையைச் சொல்ற சின்ன அளவு) முனையை எடுத்துட்டு 125 போட்டுப் பாருங்க, முன்பக்க எடை கூடினா அம்பு கூடுதலா வளையும், பல நேரம் அதுவே போதும்.

வேகம் குறைஞ்சிடுச்சேன்னு லேசான அம்புக்கு மட்டும் தாவாதீங்க ப்ளீஸ். இழுவிசையில ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன், அதாவது உங்க 60 பவுண்டுக்கு மொத்த அம்பு எடை 300 கிரெய்ன்ங்கறது வில்லு உடையாம இருக்கறதுக்கான குறைந்தபட்சம், வேட்டைக்கான அளவு இல்ல. 420 கிரெய்ன் அம்பு வினாடிக்கு 250 அடி வேகத்துல போனாலே 58 அடி-பவுண்டு சக்தி வருது, வெள்ளைவால் மானுக்கு தாராளம். மெக்கானிக்கல் பிராட்ஹெட் (பட்டதும் பிளேடு விரியற முனை) விரியறதுக்கே கொஞ்சம் சக்தியைத் தின்னும், அதனால நான் கூர்மையான ஃபிக்ஸட் பிளேடு (விரியாத நிலையான பிளேடு) முனைதான் சொல்வேன், அம்பு ரெண்டு பக்கமும் துளைச்சுப் போனாத்தான் மான் சீக்கிரம் விழும், ரத்தத் தடமும் கிடைக்கும். சைட் பின் (ஒவ்வொரு தூரத்துக்கும் குறி பார்க்கற ஊசி) எல்லாத்தையும் திரும்ப செட் பண்ணிடுங்க, பழைய 40 கஜ பின்னுல அடிச்சா அம்பு கீழதான் இறங்கும்.