அந்தப் புது வேட்டி எதற்கு?

பள்ளத்தூரிலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் நண்பர்கள் நால்வரோடு மகாராஷ்டிரத்தின் கொங்கண் கடற்கரையோரமாக, அலிபாக்கிலிருந்து வெங்குர்லா வரை சைக்கிளில் போகிறேன். தினம் 100 கிலோமீட்டர் திட்டம். மேடு பள்ளம் அதிகமாம். 20 கிலோ சாமான் ஏற்றலாமா? என்ன கியர் வேண்டும்? எங்கே போய்ப் பழகுவது? வீட்டில் பிரச்சினை ஒன்றுமில்லை. அப்பச்சி (அப்பா) தவறிய பிறகு எங்கள் நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு நான்தான் இழை எடுத்துக் கொடுக்கிறேன். இந்தத் தடவை நோன்பு பயணத்துக்கு நடுவில் வருகிறது, ஆத்தா (அம்மா) பார்த்துக்கொள்ளும். புது வேட்டிகூட வாங்கி வைத்துவிட்டது."

தம்பி, கியர் இருக்கட்டும். அந்த வேட்டியைப் பற்றிப் பேசுவோம்.

அது எதற்கு என்று உங்களுக்குத் தெரியாதா? திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக அதிலிருந்துதான் நூல் உருவ வேண்டும். 21 நாள், 21 இழை. அதைத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய் விட்டு ஏற்றி, எரிகிற சுடரோடு வீட்டுக்குப் பெரிய ஆண்பிள்ளை எடுத்துக் கொடுக்க, அந்த இழையை ஒவ்வொருவராக வாங்கி வாயில் போட்டுக்கொள்வோம். உங்கள் வீட்டில் அந்தப் பெரிய ஆண்பிள்ளை நீங்கள். நீங்கள் இருப்பீர்கள் என்றுதான் ஆத்தா வேட்டி வாங்கி வைத்திருக்கிறது. நீங்களோ அதையே, நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறீர்கள்.

"ஆத்தா பார்த்துக்கொள்ளும்." எதைப் பார்த்துக்கொள்ளும்? கோலம் போடும், பொரி வறுக்கும், மாவு பிசையும். அப்புறம்? தன் இழையைத் தானே எடுத்துத் தனக்கே கொடுத்துக்கொள்ளுமா?

என் அப்பச்சி போன பிறகு, அண்ணன் பினாங்கில் இருந்த வருடங்களில், எங்கள் ஆத்தா பங்காளி வீட்டுக்குப் போய் இழை வாங்கிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாங்கி முடிக்கிற வரை தூணோரம் நின்றது. கடைசியில் வலது கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் முந்தானையில் விரலைத் துடைத்தது. அண்ணனையும் குறை சொல்ல முடியாது. அவர் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போனவர், மூன்று வருடக் கணக்கு, நினைத்தால் திரும்ப முடியாத தூரம். உங்களுக்கு என்ன வந்தது?

நண்பர்கள் தேதி குறித்துவிட்டார்கள் என்பீர்கள். நாலு பேரிடம் "ஒரு வாரம் தள்ளுவோமப்பா" என்று கேட்க வாய் வரவில்லை, பெற்றவளிடம் "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்ல மட்டும் வருகிறது. எத்தனையோ கடிதங்களில் இதைப் படித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளையாக இருப்பார்கள், கொடுக்கிற சிரமத்தை மட்டும் கேள்வி கேட்காத ஒருத்தியிடம் கொண்டுவந்து இறக்குவார்கள்.

பயணத்தை விடச் சொல்லவில்லை. போக வேண்டும். நாலு ஊர் பார்க்காத மனுஷன் கடையிலேயே கிடந்து காய்ந்துபோவான். ஆனால் நோன்பு முடிந்து ஜனவரியில் போங்கள். அந்தக் கரையில் மழை தொடங்குவது ஜூனில், ஜனவரியும் நல்ல காலம்தான். டிசம்பர் கடைசியில் போனால் அலிபாக்கில் விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே அறை தேடி அலைவீர்கள்.

என் மகன் அந்தப் பாதையில் இரண்டு முறை சைக்கிளில் போனவன். அவனைக் கேட்டுத்தான் மீதியை எழுதுகிறேன். அங்கே பெரிய மலை என்று ஒன்று வராது. நம் ஊர்ச் செம்புறாங்கல் மாதிரியே சிவப்புக் கல் மேட்டு நிலம், அங்கே அதை ஜாம்பா என்பார்களாம். அதை வரிசையாகக் கழிமுகங்கள் அறுத்துக்கொண்டு போகின்றன. கடல் மட்டத்துக்கு இறங்குவீர்கள், உடனே நூறு, நூற்றைம்பது மீட்டர் செங்குத்தாக ஏறுவீர்கள், மறுபடி இறக்கம். நாள் முழுக்க இதுதான். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் ஏற்றம் மட்டும் ஆயிரம் மீட்டரைத் தாண்டியிருக்கும். பள்ளத்தூர்ச் சமவெளியில் ஓட்டும் 100 கிலோமீட்டரை அங்கே நினைக்காதீர்கள். 55, 60 போதும். அகர்தண்டா, பாக்மாண்ட்லா, தாபோள், தவ்சாள் என்று நாலு இடத்தில் சைக்கிளோடு படகு ஏற வேண்டியிருக்கும். காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

சாமான் 20 கிலோ கூடாது. 12-க்குள் அடக்குங்கள். கியருக்கு, முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 30 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்க வேண்டும். பிரேக் கட்டை கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இறக்கங்களில் அது வெண்ணெயாகத் தேயும் என்கிறான். பழகுவதற்குத் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குப் போங்கள். 18 கொண்டை ஊசி வளைவு. வெறும் சைக்கிளில் ஒரு தடவை, சாமானோடு இரண்டு தடவை ஏறிப் பாருங்கள். நாள் போதாவிட்டால் முழுக் கரையும் வேண்டாம். கொங்கண் ரயிலில் ரத்னகிரியில் இறங்கி, விஜயதுர்க், தேவ்கட் வழியாக மால்வண் வரை ஓட்டினாலே கால் பதில் சொல்லிவிடும்.

இன்று ராத்திரியே நண்பர்களுக்குப் போன் போட்டுத் தேதியை மாற்றுங்கள். திருக்கார்த்திகையன்று கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஆத்தா வேட்டியை மடியில் போட்டு இழை உருவும்போது பக்கத்தில் உட்கார்ந்து நுனியைப் பிரித்துக் கொடுங்கள். அந்த வயதில் நூல் நுனி கண்ணுக்குத் தெரியாது.