மழை விடுமுறையும் பதினோரு வயது மகளும்

கேள்வி: கடலூரில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பதினோரு வயது; ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் காலை பத்து மணிக்கே ‘போரடிக்குது’ என்று தொடங்கிவிடுகிறாள். வண்ணம் தீட்டும் புத்தகம், காகிதப் பூ என்று எதை எடுத்து வைத்தாலும் ‘இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க செய்றது’ என்று ஒதுக்கிவிட்டு கைப்பேசியைக் கேட்கிறாள். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அவளோடு உட்கார ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். வீட்டில் மாமனாரும் மாமியாரும் இருக்கிறார்கள். புதிதாக எதையும் வாங்காமல் அவளோடு சேர்ந்து என்ன செய்யலாம்?

பதில்: ‘சின்னப் பிள்ளைகள் செய்வது’ என்று உங்கள் மகள் சொல்வதை அடம் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அந்தச் சொல் தெளிவாகவே சொல்கிறது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, தம்மிடம் தரப்படும் வேலை உண்மையானதா அல்லது தம்மை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்காகத் தரப்பட்டதா என்பது பார்த்தவுடனே புரிந்துவிடும். காகிதப் பூ முடிந்தால் அதைக் குப்பையில்தான் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே விடை உங்களுக்கே முன்கூட்டித் தெரியாத வேலை, நீங்களும் தோற்கக்கூடிய ஆட்டம், முடிவில் வீட்டாருக்குப் பயன்படும் பொருள் ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அதற்குப் போதும். மீதி நேரத்தை அவளே இழுத்துக்கொண்டு போவாள்.

வெளியே பெய்துகொண்டிருக்கும் மழையிலிருந்தே தொடங்கலாம். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஓர் எவர்சில்வர் டப்பாவை மொட்டை மாடியில் திறந்து வையுங்கள். கைப்பிடிச் சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்து விழும் மழையைச் சுவர் மறைத்துவிடும். தரையிலிருந்து நீர் தெறித்து உள்ளே விழாதபடி இரண்டு செங்கல் மேல் வைத்து, காற்றில் சாயாமல் சுற்றிலும் கற்களை அண்டக் கொடுங்கள். காலை 8.30 மணிக்கு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால், அதுவே கடந்த 24 மணி நேரத்தில் உங்கள் வீட்டில் பெய்த மழை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. உங்கள் மாவட்டத்தில் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று இடவாரியாக வரும் மழையளவுச் செய்தியை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். மாவட்டப் படம் ஒன்றைக் கையால் வரைந்து அந்த எண்களை எழுதச் சொல்லி, அவற்றின் நடுவே உங்கள் தெருவின் பெயரையும் அவள் அளந்த எண்ணையும் எழுதவிடுங்கள். தன் எண் அரசாங்க எண்ணோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் நாளில் அவள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஒத்துப்போகாத நாளும் நல்ல நாள்தான்: டப்பா சரியாக நிற்கவில்லையா, அல்லது மேகம் நம் தெருவை விட்டுவிட்டு அடுத்த ஊரில் கொட்டியதா என்று இருவரும் பேசுவதற்கு அதில் நிறைய இருக்கும்.

இதில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. அதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். டப்பாவுக்குப் பக்கத்தில் அகலமான ஒரு நேர்ப்பக்கப் பாத்திரத்தையும், வாய் அகன்று அடி குறுகிய ஒரு பக்கெட்டையும் வைத்து, மூன்றில் எதில் நீர் அதிக உயரம் நிற்கும் என்று முதல் நாளே இருவரும் தனித்தனியாக எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பக்கப் பாத்திரங்கள் இரண்டிலும், ஒன்று எத்தனை அகலமாக இருந்தாலும், நீர் ஒரே உயரம்தான் நிற்கும். அகலமான வாய் எவ்வளவு கூடுதல் மழையை வாங்குகிறதோ, அதே அளவு அகலமான அடியில் அது பரவிவிடுகிறது. பக்கெட்டில் மட்டும் நீர் கூடுதல் உயரம் காட்டும். வாங்கும் வாய் பெரிது, நிற்கும் அடி சிறிது. பெரியவர்கள் பலர் இதில் தவறாக ஊகிப்பார்கள். நீங்களும் ஊகித்துத் தவறினால் மிகவும் நல்லது.

ஆறாம் வகுப்புக் கணக்குக்கும் இங்கே வேலை இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர் நீர். மாடி 1000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் 1 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 62 குடம். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது என்பதைச் சொல்லி, உங்கள் மாடிக் குழாய் உண்மையில் எங்கே போய் முடிகிறது, அந்த 62 குடமும் தொட்டிக்குப் போகிறதா தெருவுக்குப் போகிறதா என்று மழை விட்டதும் அவளையே கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் அவள்தான் முதலில் கண்டவள். அந்த வேலைக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

தொலைக்காட்சியில் ‘கனமழை’, ‘மிகக் கனமழை’ என்று கேட்கும்போது அவை வெறும் பயமுறுத்தும் சொற்களல்ல என்பதும் அவளுக்குத் தெரியட்டும். ஒரு நாளில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை கனமழை, 11.56 முதல் 20.44 வரை மிகக் கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. சுவரில் 95 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அவளை அருகில் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை விளக்கினாலும் புரியாத ஒன்று அந்தக் கோட்டில் புரிந்துவிடும்.

இந்த வேலையில் ஒரே ஒரு கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது மாடிக்கு யாரும் போகக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே போக வேண்டும். காலை 8.30க்கு இடித்துக்கொண்டிருந்தால் அன்றைய அளவைத் தாமதமாக எடுத்து, எடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அதுவரை சன்னலை மூடிவிட்டு, மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது கிடைக்கும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகிறது. தெருவில் தேங்கிய நீரில் கப்பல் விடுவது நம் தலைமுறைக்கு இனிய நினைவு என்றாலும், எலிக்காய்ச்சலும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் அந்த நீரில் இருக்கக்கூடும் என்பதால் கப்பலைக் குளியலறை வாளியில் விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரணக் கப்பலும் கத்திக் கப்பலும் ஒரே அளவுத் தாளில் செய்யப்பட்டால், எது அதிக ஒரு ரூபாய் நாணயங்களைத் தாங்கும் என்பது அரை மணி நேரப் போட்டிக்குக் காணும்.

அடுத்து, உங்கள் மாமனாரையும் மாமியாரையும் இந்த விடுமுறைக்குள் இழுத்து வாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது உங்கள் மகள் பிறந்திருக்க மாட்டாள். அன்று வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், எத்தனை நாள் மின்சாரம் இல்லை, குடிநீர் எங்கிருந்து வந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் உறவில் யார் என்பதையெல்லாம் அவள் கேட்டுப் பதிவு செய்யட்டும். கைப்பேசியை அவள் கையில் தயங்காமல் கொடுக்கக்கூடிய இடம் இதுதான், ஏனென்றால் இங்கே அது ஒலிப்பதிவுக் கருவி. முதலில் பத்துக் கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளை நீக்கிவிட்டு, ‘அப்புறம் என்ன செய்தீர்கள்?’ என்று தொடரக் கற்றுக்கொடுங்கள். தாத்தா விவசாயம் பார்த்தவராக இருந்தால் ‘ஓர் உழவு மழை’ என்று எதைச் சொல்வார்கள் என்றும் கேட்கலாம். மாடியில் டப்பா வைத்து அவள் அளப்பதை, மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து அவர் தலைமுறை அளந்திருக்கிறது.

பாட்டியிடம் கேட்க வேண்டியது சமையல் அளவு. மறுநாளுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்தால், முன்னிரவே கொண்டைக்கடலையை ஊறப் போடும் பொறுப்பை மகளிடம் விடுங்கள். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும் என்பதால் அது மறந்தால் மறுநாள் சுண்டல் இல்லை. குக்கரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி ‘கொஞ்சம்’, ‘ஒரு கை’, ‘ஒரு சிட்டிகை’ என்று எடுப்பதை அவள் ஒவ்வொரு முறையும் இடைமறித்து, கரண்டியில் கொட்டி அளந்து எழுதட்டும். பாட்டியின் ஒரு கைத் தேங்காய்த் துருவலும் உங்கள் ஒரு கைத் துருவலும் ஒன்றல்ல என்று தாளில் தெரியும்போது, உங்கள் சுண்டலும் அவர் சுண்டலும் ஏன் வேறு வேறு ருசி என்பதற்கு வீட்டில் முதல் முறையாக ஒரு விடை கிடைக்கும். கடுகு தாளிப்பதை நீங்கள் பக்கத்தில் நிற்க அவளே செய்யலாம். பஜ்ஜிக்கு மாவு கரைப்பதும் வாழைக்காய் சீவுவதும் அவள் வேலை. கொதிக்கும் எண்ணெய் இந்த வயதில் வேண்டாம்.

தைத்துக்கொண்டே விளையாட ஏற்றது ஆடு புலி ஆட்டம். ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவே யோசிக்க நேரம் பிடிக்கும் என்பதால், அவள் யோசிக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு மடிப்பைத் தைத்து முடிக்கலாம். தரையில் சாக்பீஸால் மேலே ஒரு புள்ளி வைத்து அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகளை இழுத்து, அவற்றின் அடிமுனைகளை ஒரு கோட்டால் இணையுங்கள். இடையே மூன்று கிடைக்கோடுகளை இருபுறமும் சற்று வெளியே நீளும்படி போட்டு, அவற்றின் முனைகளை இரு பக்கமும் செங்குத்தாகச் சேர்த்தால் 23 சந்திப்புகள் வரும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புளியங்கொட்டையும் பொத்தானும் போதும். உச்சியில் ஒரு புலியும், அதற்கு அடுத்த கோட்டின் நடுச் சந்திப்புகளில் இரண்டு புலிகளும் நிற்க, ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடாக வைத்து வர வேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை ஆடுகள் நகரக் கூடாது. புலி மட்டும் நகரலாம், அடுத்திருக்கும் ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலியிடம் இருந்தால் குதித்து வெட்டலாம். மூன்று புலிகளையும் அசைய முடியாமல் அடைத்தால் ஆட்டின் வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலி வெல்லும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆட்டத்துக்கு முன் பேசி முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் புலியைத்தான் கேட்பார்கள். நான்கைந்து ஆட்டம் போனதும், ஓரங்களில் முதலில் ஆட்டை இறக்கினால் புலியால் எளிதில் தாண்ட முடியாது என்று கண்டுபிடித்து ஆட்டுப் பக்கம் வந்துவிடுவார்கள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும், வருத்தமும் கொடுக்கும்.

கணினியில் ஆர்வம் இருந்தால் சிக்குக் கோலத்தைத் தாளில் கொடுத்துப் பாருங்கள். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைத்து, கையெடுக்காமல் ஒரே கம்பியில் எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வர முடிகிறதா என்று அவள் தேடட்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆராய்ந்தார்கள் என்று சொன்னால், வாசலில் போடும் கோலத்தை அவள் வேறு கண்ணால் பார்ப்பாள்.

இவை எதிலும் மனம் ஒட்டாமல் ஒரு மணி நேரம் சன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவளை விட்டுவிடுங்கள்; உடனே எதையாவது நீட்ட வேண்டியதில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்கவும் வேண்டாம். மழை அளப்பதை மட்டும் டிசம்பர் முடியும் வரை விடாமல் நடத்துங்கள். ஒரு பழைய நோட்டில் தேதி, அளவு, அன்று நடந்த ஒரு செய்தி என்று மூன்று பத்தி போதும். டப்பாவை நாளை காலை 8.30 மணிக்கு மாடியில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அளந்ததும் நீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லி வையுங்கள்; முதல் வாரத்தில் எல்லோரும் மறப்பது அதைத்தான்.