ராஜினாமா கடிதத்தை எழுதியது யார்?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். முதுகில் அறுவை சிகிச்சை செய்து, டாக்டர் சான்றிதழ் கொடுத்து, ஆறு வாரம் விடுப்பில் இருந்தேன். திரும்பிப் போன மூன்றாம் நாள் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். "உங்கள் வேலையில் திருப்தி இல்லை. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்ல சான்றிதழ் தருகிறோம், இல்லாவிட்டால் டெர்மினேஷன்தான்" என்றார்கள். டைப் அடித்த ராஜினாமா கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்து நாள் ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும். ஆனால் நாள் கடத்தாதீர்கள். இதழ் அச்சாகும் வரை தாங்காது என்பதால் இதன் சுருக்கத்தை உங்கள் மின்னஞ்சலுக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.

டைப் அடித்த கடிதத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வேலையை விட நினைப்பவர் தன் கடிதத்தைத் தானே எழுதுவார். நிறுவனமே அடித்து, தேதியும் போட்டு, "சொந்தக் காரணங்களுக்காக" என்று காரணமும் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் அதற்குப் பெயர் ராஜினாமாவா? மிரட்டி வாங்கியது என்று காட்ட முடிந்தால், பல நாடுகளின் நீதிமன்றங்கள் அதைப் பணிநீக்கமாகவே எடுத்துக்கொள்கின்றன.

அதனால் முதல் வேலை, இன்றே ஒரு மின்னஞ்சல். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். "இன்ன தேதியில் என்னிடம் கையெழுத்து வாங்கிய கடிதம் நான் எழுதியதல்ல. பணிநீக்கம் செய்வோம் என்று சொன்னதால் கையெழுத்திட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும். ஐந்தாம் நாள் அனுப்புவதற்கும் ஐந்தாம் மாதம் அனுப்புவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அடுத்தது, "திருப்தி இல்லை" என்ற பேச்சு. ஏழு வருடத்தில் ஒரு மெமோவாவது வந்ததா? சம்பள உயர்வு நின்றதா? இல்லையென்றால், அறுவை சிகிச்சை முடிந்து வந்த மூன்றாம் நாள் திடீரென்று திருப்தி போனது எப்படி என்று அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை 1982-இல் வந்தது. நோயால் தற்காலிகமாக வேலைக்கு வராதது பணிநீக்கத்துக்குச் சரியான காரணம் ஆகாது என்கிறது அது. நடத்தை, வேலைத்திறன் என்று குறை சொல்லி நீக்குவதானால், முதலில் அந்த ஊழியர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பல நாடுகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் இதே கொள்கைகளைப் பல நாட்டுச் சட்டங்களில் பார்க்கலாம்.

எந்த நாட்டில் வேலை என்று நீங்கள் எழுதவில்லையே! கெடு நாட்டுக்கு நாடு மாறும். பணிநீக்கத்தை எதிர்க்க ஜெர்மனியில் மூன்று வாரம், ஆஸ்திரேலியாவில் 21 நாள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலே அனுப்பலாம், ஆனால் பாகுபாடு காட்டி அனுப்பக் கூடாது. ஆகவே இந்த வாரமே உங்கள் ஊர்த் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பாருங்கள்.

அப்புறம், கணக்கு முடிக்கக் கூப்பிடுவார்கள். "எல்லாத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தத் தாளில் எங்கேயாவது இருக்கும். வழக்கறிஞரிடம் காட்டாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தடவை பட்டது போதும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விடுப்புக்கு அனுமதி தந்த மின்னஞ்சல், டாக்டர் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். ஆத்திரத்தில் நிறுவனத்தின் கணக்கு ஃபைல்களை மட்டும் நகலெடுத்து வைத்துவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவர்கள் கையில் ஒரு காரணத்தைக் கொடுப்பானேன்?

வேலை திரும்பக் கிடைக்குமா, இழப்பீடு மட்டுமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தையும் சாட்சியத்தையும் பொறுத்தது. மறுபடி அதே நாற்காலியில் உட்கார உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கேட்பார்.

இன்று இரவு தூங்குவதற்கு முன் இன்னொன்று. எத்தனை மணிக்கு அந்த அறைக்குள் போனீர்கள், யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், வெளியே போய் யாரிடமாவது பேசிவிட்டு வரக் கேட்டீர்களா, விட்டார்களா, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கையெழுத்துப் போட்ட பேனாவை நீட்டியது யார் என்பது வரை.