எட்டு மாதக் குழந்தைக்கு சென்சரி பொம்மைகள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

மகளுக்கு எட்டு மாதம், சென்சரி கிட் (தொடுதல், ஒலி போன்ற புலன்களைத் தூண்டும் பொம்மைத் தொகுப்பு) வாங்காவிட்டால் மூளை வளர்ச்சி குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. இந்த வயதில் பிள்ளைகள் தொட்டு, தட்டி, முகர்ந்து, வாயில் வைத்துத்தான் எதையும் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கான சாமான்கள் உங்கள் அடுக்களையிலேயே இருக்கின்றன.

என் மகன் உட்காரப் பழகியதும் ஒரு கூடையில் எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, சுத்தமான பருத்தித் துண்டு, கழுவிய முழு எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு அவன் முன்னால் வைப்பேன். பிரிட்டனில் எலினோர் கோல்ட்ஷ்மீட் என்ற குழந்தைக் கல்வியாளர் பரப்பிய 'புதையல் கூடை' முறை இது. உட்காரத் தெரிந்து, இன்னும் தவழாத பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. பிளாஸ்டிக்கை அவர் சேர்க்கவில்லை. எதைத் தொட்டாலும் ஒரே வழவழப்பு, மணமும் கிடையாது. டம்ளரோ சில்லென்று இருக்கும், தட்டினால் ஒலிக்கும், அதில் முகமும் தெரியும்.

பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கவோ சொல்லித்தரவோ கூடாது. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "இங்க பாரு, இதைத் தட்டு" என்று நான் ஆரம்பித்தால் மாமியார் தடுத்துவிடுவார்: "அவன் வேலையா இருக்கான், விடும்மா."

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதில் பயறு, பட்டாணி, கடலை போன்றவற்றை விளையாடக் கொடுக்காதீர்கள். ஒன்றரை வயதில் என் மகன் காய்ந்த பட்டாணியை மூக்கில் திணித்துக்கொண்டான். ஈரத்தில் அது ஊறி உப்பிவிட, டாக்டர்தான் எடுத்தார். அன்று நான் பட்ட பயம் இன்னும் போகவில்லை. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகள் வீட்டிலேயே வேண்டாம். விழுங்கினால் குடலை அடைக்கும். வாளித் தண்ணீர் பக்கத்தில் ஒரு நொடிகூடத் தனியாக விடாதீர்கள்.

இரண்டு வயதில் தண்ணீரைச் சொம்பிலிருந்து டம்ளருக்கு ஊற்றுவது, சப்பாத்தி மாவை உருட்டுவது எல்லாம் கொடுக்கலாம். என் சின்ன மகளுக்குப் பிசுபிசுப்பு பிடிக்காது, மாவைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வாள். வற்புறுத்தவில்லை. கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். பல நாள் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலால் மாவை அழுத்திப் பார்த்தாள்.