மடைக்கு ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

நான் விலங்கியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயி, இப்போது பாதி நிலம் தரிசாகக் கிடக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைக்குப் போக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. வனஉயிரியலில் முதுகலை படிப்பதா, இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தயாராவதா என்று குழப்பமாக இருக்கிறது. நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை சொல்லும் வேலையில்தான் வருமானம் என்கிறார் என் பேராசிரியர். பெண்பிள்ளைக்குக் காட்டு வேலை ஆகாது, பி.எட். படி என்கிறார் மாமா. எங்கள் பக்கத்துக் கிராம மக்களுக்கு நீர்நிலைகளைப் பற்றிய அறியாமை அதிகம். அவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தும் வேலை கிடைத்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா? எங்கே தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த வாரம் என் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கண்மாயின் நடுமடையில் பழைய கல்மடையை இடித்துவிட்டுத் திருகு ஷட்டர் வைத்திருக்கிறார்கள். அதைத் திருகும் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் மழையில் வந்த கொஞ்சத் தண்ணீரும் ஷட்டருக்கு அடியில் கசிந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேர் மணல்மூட்டை போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோபம் தணியும் முன்பே உங்கள் கடிதம் வந்துவிட்டது.

சீக்கிரம் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வனஉயிரியலுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது. டேராடூனில் 1982-ல் தொடங்கப்பட்ட இந்திய வனஉயிர் நிறுவனத்தின் முதுகலைக்குப் போட்டி கடுமை, ஆனாலும் எழுதிப் பாருங்கள். ஆராய்ச்சிக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் உண்டு. வனப்பணித் தேர்வுக்கு உங்கள் விலங்கியல் பட்டம் போதும். 2013 முதல் அதன் முதல்நிலைத் தேர்வு குடிமைப்பணித் தேர்வோடு சேர்ந்தே நடக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் நாடு முழுமைக்கும் சுமார் 150 இடங்களுக்கு மேல் இருந்ததில்லை. அதை மட்டும் நம்பி வயதைக் கரைக்காதீர்கள். நம் மாநிலத்திலேயே வனவர், வனக்காப்பாளர் வேலைகளுக்குத் தேர்வு நடக்கிறது. அவற்றைக் கீழாக நினைக்க வேண்டாம். காட்டுக்குள் தினமும் நடக்கிறவர்கள் அவர்கள்தான்.

மாமா சொன்னதற்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. இந்திய வனப்பணியில் பெண்கள் 1980-லேயே சேர்ந்துவிட்டார்கள். உங்கள் ஊரில் சித்திரை வெயிலில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பெண்களைப் பார்த்து அந்த வேலை ஆகாது என்று உங்கள் மாமா ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆலோசனை வேலையைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு சுரங்கமோ தொழிற்சாலையோ வந்தால் அந்த இடத்துக்கு என்ன கேடு வரும் என்று மதிப்பிட வேண்டும். அந்த அறிக்கையை எழுதுகிறவருக்குக் காசு கொடுப்பது சுரங்கம் தோண்ட வருகிறவர். போக விருப்பமென்றால் அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது அந்த ‘அறியாமை’க்கு வருகிறேன். இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா, அம்மா? நாலு பக்கக் கடிதத்தில் (மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்) அமேசான் காடு இருக்கிறது, துருவக்கரடி இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் இல்லை. அதற்கு எத்தனை மடை, நிறைந்த தண்ணீர் வழிகிற கலிங்கு எந்தப் பக்கம், மறுகால் போனால் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாயில் விழும், ஒன்றும் இல்லை. இத்தனையையும் மனதில் வைத்திருக்கிற கிழவர்கள் இன்னமும் உங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் நீங்கள் விழிப்புணர்வு ஏற்படுத்தப் போகிறீர்கள்.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். கண்மாய்த் தண்ணீர் பாய்கிற அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. தனக்கென்று வயல் இல்லாதவர் என்பதால்தான் எல்லார் வயலுக்கும் அவர் பொதுவாக நிற்க முடிந்தது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். எந்த வயலுக்கு இன்று, எதற்கு நாளை மறுநாள் என்பது அவர் சொல்வதுதான். கதிர் பால் பிடிக்கிற வயலுக்கு முன்னுரிமை. வயலுக்குள் இறங்கிக் குதிகாலை ஊன்றிப் பார்ப்பார். ஈரம் மேலே வந்தால் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். பெரிய சம்சாரிகள் முணுமுணுப்பார்கள், ஆனால் வாய்க்காலில் கை வைக்க மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகிவிட்டால் அவருக்குப் படுக்கை கரைமேல்தான். ஒரு தடவை என் அப்பாவோடு ராத்திரிச் சோறு கொண்டுபோனேன். லாந்தரை வைத்துவிட்டு, கரைக்கு வெளிப்பக்கம் அடிவாரத்தில் குந்தியிருந்தார். அங்கே பெருவிரல் தடிமனுக்குத் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. அதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். கொட்டினார். மறுபடி ஏந்தினார். அப்பா என்னவென்று கேட்டதற்கு, “தெளிவாத்தான் வருது, பயமில்ல. கலங்கி வந்தா ஊரை எழுப்பணும்” என்றார்.

ரொம்பப் பிற்பாடு ஒரு பொறியாளர் எனக்கு விளக்கிச் சொன்னார். மண்ணணை எல்லாமே கொஞ்சம் கசியும். கசிவது தெளிந்த நீராக இருக்கும்வரை கரை நிற்கும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபட்டுக் குழாய்போல வழி விழுகிறது என்று அர்த்தம், அது அகன்று சில மணி நேரத்திலேயே கரை உடைந்துவிடலாம். அந்த இடத்தைக் களிமண் அப்பி அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். மணலும் சரளையும் பரப்பித் தண்ணீரைப் போகவிட்டு, மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அணைப் பொறியியலில் இது ஒரு பெரிய பாடம். எங்கள் ஊர் நீர்பாய்ச்சி அதன் முதல் பாதியை லாந்தர் வெளிச்சத்தில் உள்ளங்கையை வைத்துச் செய்துகொண்டிருந்தார்.

அவருக்கு அறுப்பு முடிந்ததும் களத்தில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளப்பார்கள். அவ்வளவுதான் சம்பளம். ஊரின் உயிரையே கையில் வைத்திருந்தவர் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். தென்மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதிக்காரர்கள். ஆகவே அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத நான் வரவில்லை. போர்வெல் வந்தது, கடைமடைக்காரர்கள் தரிசு போட்டார்கள், தலைமடைக்காரர்கள் நெல் அளப்பதை நிறுத்தினார்கள். அவர் மகன் திருப்பூர் போய்விட்டான். போனது நியாயம். தகப்பன் பட்ட அவமானத்தை அவனும் படத் தேவையில்லை.

ஆனால் அவமானத்தை மட்டும் ஒழித்து வேலையை வைத்திருக்க வேண்டிய நாம், வேலையை ஒழித்துவிட்டோம். எனக்கு ஆறாதது இதுதான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களிடம். பெரியவற்றுக்காவது மடையும் கரையும் பார்க்கிற துறையின் கடைநிலை ஊழியர்கள், லஸ்கர்கள், உண்டு, அவர்களும் ஆளுக்குப் பல கண்மாய் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறு கண்மாய்க்கு ஊர் வைத்திருந்த ஆளைத் தவிர வேறு ஆள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவரும் போனபிறகு அந்தக் கரையில் நடக்கிறவர் யார்? ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ராமநாதபுரத்துச் சேதுச் சீமையில் பெருமையாகச் சொல்வார்கள். அத்தனை மடைக்கும் ஆள் இருந்தால்தான் அந்தப் பெருமை நிலைக்கும்.

1858-ல் வெள்ளைக்காரன் குடிமராமத்துக்குச் சட்டம் போட்டு ஊராரை உழைக்க வைக்கப் பார்த்தான். 2017-ல் நம் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. தூர் வாரினார்கள், கரையை உயர்த்தினார்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொக்லைன் போன மறுநாள் அங்கே யாரும் இல்லை. ஆடுமாடு தின்று போட்ட சாணத்திலிருந்து கருவேலம் மறுபடி முளைக்கிறது. இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய செடியாக இருக்கும்போது பிடுங்க ஆள் இல்லாததால், ஐந்து வருஷம் கழித்து அதே பொக்லைனுக்கு மறுபடி டெண்டர் விட வேண்டியிருக்கிறது.

தொண்டு நிறுவனங்களில் இருக்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன். நல்ல பிள்ளைகள், உங்களைப் போலவே படித்தவர்கள். மூன்று வருஷத் திட்டத்தில் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் பேச ஆரம்பிக்கவே ஒரு வருஷம் ஆகும். அடுத்த வருஷம் கணக்கெடுப்பு, அதற்கடுத்த வருஷம் அறிக்கை, பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு மாவட்டம். குண்டாற்றுப் பக்கத்துக் கண்மாய் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட முழுசாகப் பெருகாமல் போகலாம். கலிங்கு வழிவதைக் கண்ணால் காணாமலே கண்மாய் நிர்வாகத்தில் அனுபவம் என்று சான்றிதழ் வாங்கிப் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருஷத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு இயற்கை வளத்தை மேலாண்மை செய்வதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள்மேல்தான் கோபம்.

காட்டிலும் இதே கதைதான். முதுமலையிலும் ஆனைமலையிலும் ஆராய்ச்சியாளருக்கு முன்னால் நடந்து, யானை நிற்கிற புதரை மோப்பத்திலேயே சொல்கிற இருளரும் மலசரும் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற தொகுப்பூதிய வேலையில் இருப்பவர்கள். கட்டுரையில் அவர்கள் பெயர் கடைசிப் பக்க நன்றியுரையில் வந்தால் பெரிது. நல்லபடியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். குமுளிப் பக்கம் பெரியாறு காட்டில் வயணப்பட்டை என்கிற காட்டு லவங்கப்பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை அவர்களோடு பேசி, அவர்களையே வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் ஆக்கியது. கள்ளத்தனமாக நடந்து தெரிந்துகொண்ட தடமெல்லாம் காவலுக்கு உதவியது. அவர்களுக்கு யாரும் விழிப்புணர்வு ஊட்டவில்லை. மரியாதையும் வருமானமும் கொடுத்தார்கள்.

நான் யாரைப் பார்த்தாலும் கேட்பது இதைத்தான். கண்மாய்க்கு ஓர் ஆள். மாதச் சம்பளம், சாதி பார்க்காத நியமனம், ஆணோ பெண்ணோ. மடையும் கரையும் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் அவர் பொறுப்பு. மழைக்காலத்தில் கரைக்காவல், கோடையில் கருவேலங்கன்று பிடுங்குவது, நீர்மட்டம் குறிப்பது, பறவை கணக்கெடுப்பது. நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைந்த வேலைகள், அத்தனையும் உள்ளூரில். விலங்கியல் படித்த பெண் அந்த வேலைக்கு மனுப்போடுவது கௌரவக் குறைச்சல் என்று யாரும் சொல்லாத காலம் வர வேண்டும். எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். இந்த வேலையை உண்டாக்கச் சொல்லிக் கேட்கும் ஆட்கள் இருந்தால் உண்டு, நீங்களும் கேளுங்கள்.

ரொம்பத் திட்டிவிட்டேன். உங்கள் ஆசை நல்ல ஆசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதி நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கே தொடங்குவது என்பதற்கு அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. அந்த நிலம் ஏன் தரிசாயிற்று என்று அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷத்திலிருந்து தண்ணீர் வரவில்லை, எந்த மடைத் தண்ணீர் அது, யார் திறந்தார், இப்போது யாரும் ஏன் இல்லை? முதுகலைக்கு விண்ணப்பம் போடுங்கள், கட்டாயம் படியுங்கள். நுழைவுத் தேர்வுக்கு எந்தப் புத்தகம் என்று அங்கே படிக்கிற மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, வரத்துக்கால் போகிற வழியைக் குறித்துக்கொண்டு, கண்மாயிலிருந்து மேற்கே அது தொடங்கும் இடம்வரை நடந்து பாருங்கள். எங்கே வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள், எங்கே பாலத்துக்கடியில் மண் மூடியிருக்கிறது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். வயசாளி ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்போடு போகாதீர்கள், சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறிவிடும். தடித்த தோல் செருப்பு வேண்டும்.